சோம்பல் என்று பெயர் பெற்ற நோய்

1899 ஆகஸ்ட் 8 அன்று கரிபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவுகளில் இருந்த காப்பித் தோட்டங்கள் அழிந்தன. பிழைக்க வழியற்ற உழவர் குடும்பங்கள் போன்ஸே நகருக்கு இறங்கி வந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்பெயினிடமிருந்து தீவைக் கைப்பற்றியிருந்த அமெரிக்கப் படை, அவர்களுக்கு முகாம் அமைத்தது. அங்கே அவர்களைக் கவனித்தவர் பெய்லி ஆஷ்ஃபர்ட் என்னும் இளம் இராணுவ மருத்துவர்.

வந்தவர்களின் முகங்கள் மெழுகுபோல் வெளிறியிருந்தன, கால்கள் வீங்கியிருந்தன, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. இம்மலைவாழ் ஏழைகளைப் பற்றி மேல்தட்டினரிடம் நெடுநாளாகவே ஒரு தீர்ப்பு இருந்தது: 'சோம்பேறிகள்'. ஆஷ்ஃபர்ட் அப்படி நினைக்கவில்லை. பட்டினியே காரணம் என்று எண்ணி நல்ல உணவு கொடுக்கச் செய்தார். ஆயினும் அவர்கள் தேறவில்லை, சாவும் நிற்கவில்லை. பழித்தவர்கள் மட்டுமல்ல, இரங்கியவரும் முதலில் தவறாகவே கணித்தார் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. சோம்பலைத் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாகப் போதித்துப் பழகியவன் நான்.

அவ்வாண்டு நவம்பரில் நோயாளிகளின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன. ஈர மண்ணிலுள்ள இதன் நுண்ணிய குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. குருதியோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடிக்கின்றன. நிழலும் ஈரமும் நிறைந்த காப்பித் தோட்டத்தில் கழிப்பிடம் இல்லை, காலணியும் இல்லை. புழுவுக்கு வேறென்ன வேண்டும்? வேலைக்குப் போன இடத்திலேயே, வேலை செய்யும் வலிமையை அம்மக்கள் இழந்துகொண்டிருந்தார்கள்.

ஆஷ்ஃபர்ட் கொடுத்த மருந்து தைமால். அது நமக்கு அந்நியமானதன்று. நம் வீடுகளில் குழந்தையின் வயிற்று வலிக்குக் காய்ச்சிக் கொடுக்கும் ஓமத்தின் மணமே அதுதான். சித்த மருத்துவர்கள் ஓம உப்பு என்பார்கள். முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று அங்கே தைமாலாக மாறியது. கொக்கிப்புழுவுக்கு எதிராக அதனை 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியில் பயன்படுத்திக் காட்டியவர் கமில்லோ பொட்சோலோ. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளரிடையே இதே சோகை பரவியிருந்த காலம் அது.

மருந்து எளிதன்று. முதல் நாள் இரவு பேதிக்கு உப்பு. மறுநாள் காலை வெறும் வயிற்றில் கிராம் கணக்கில் தைமால். பிறகு மீண்டும் பேதி உப்பு. அன்று மதுவோ எண்ணெயோ உட்கொண்டால் மருந்து கரைந்து இரத்தத்தில் கலந்து நஞ்சாகிவிடும். கரும்பு மது மலிந்த தீவில் இந்த எச்சரிக்கையை எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்திருக்கும்!

1904-இல் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ஆஷ்ஃபர்டுடன் வால்டர் கிங் என்பவரும், அத்தீவின் மருத்துவரான பெத்ரோ குத்தியேரெஸ் இகராவிதெசும் அதில் பணியாற்றினர். பயாமோன் ஊரில் தொடங்கி, மலைநாட்டு உத்துவாதோவில் கூடாரமடித்தார்கள். நடக்க முடியாதவர்களைத் தொங்குபடுக்கையில் சுமந்து வந்தார்கள் உறவினர்கள். 1910-ஐ ஒட்டிய காலத்திற்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர், அதாவது தீவின் மக்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், மருந்து பெற்றிருந்தனர். சோகையால் நேர்ந்த சாவுகள் பெரிதும் குறைந்தன. சோம்பேறிகள் எனப்பட்டவர்கள் மண்வெட்டியோடு வயலுக்குத் திரும்பினார்கள்.

ஆனால் திரும்பியது அதே மண்ணுக்கு, அதே வெறுங்காலோடு. கழிப்பிடமும் காலணியும் இன்றி மருந்து நிலைக்காது என்று மருத்துவர்கள் ஓயாமல் சொன்னார்கள். மருந்து கொடுக்க ஒரு கூடாரம் போதும்; கழிப்பிடம் கட்டவோ தோட்ட உரிமையாளரும் ஊராட்சியும் பணம் செலவிட வேண்டும். புழு மீண்டும் வந்தது.

தைமால் வழக்கொழிந்து வெகுகாலமாகிறது. 1970-களில் கால்நடைகளுக்கென உருவாக்கப்பட்ட அல்பெண்டசோல் இன்று மனிதருக்கும் பயன்படுகிறது: 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை, பட்டினியும் பேதியும் இல்லை. 2015 முதல் நம் நாட்டிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அதனைக் கொடுக்கிறார்கள். மாத்திரை குடலிலுள்ள புழுவைத்தான் வெளியேற்றும். மண்ணில் கிடப்பதை அது தொடுவதில்லை. ஆகவேதான் அதே பிள்ளைகளுக்கு மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது.