சிலிக்காத் துளைகளில் உலோகம்

வினையூக்கியாகும் உலோகம் பெரும்பாலும் விலை கூடியது. வினையில் பங்கேற்பதோ அதன் மேற்பரப்பு மட்டுமே. ஆகவே அதை நுண்துகள்களாகப் பரப்பி, ஒன்றோடொன்று சேராமல் தாங்கும் பொருள் தேவைப்பட்டது. சிலிக்கா வெப்பம் தாங்கும், பல வினைகளில் தலையிடாது.

அமெரிக்காவின் வால்டர் பேட்ரிக் 1919இல் சிலிக்கா ஜெல் தயாரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். சோடியம் சிலிக்கேட் கரைசலில் அமிலம் சேர்த்து, உறையும் கூழைக் கழுவி உலர்த்துவது முறை. 1950களில் பிலிப்ஸ் பெட்ரோலிய நிறுவனம் சிலிக்கா மீது குரோமியம் ஏற்றிப் பாலிஎத்திலீன் தயாரித்தது.

ஜெல்லின் துளைகள் ஒழுங்கற்றவை. 1992இல் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் எம்சிஎம்-41 என்ற பொருளை அறிவித்தனர். சோப்பு போன்ற மூலக்கூறுகள் நீரில் உருளைகளாகத் திரளும். அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படிந்து இறுகும். சுமார் 540 பாகை செல்சியசில் அந்த மூலக்கூறுகளை எரித்துவிட்டால், தேனடையின் அறைகளைப்போல ஒரே அளவுத் துளைகள் எஞ்சும். ஒரு கிராமின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர்! இதற்கு முன்பே, 1990இல், ஜப்பானின் குரோடா குழு இத்தகைய பொருளை வெளியிட்டிருந்தது. அந்தப் பெருமையை மறப்பது நியாயமல்ல.

எம்சிஎம்-41இன் மெல்லிய சுவர்கள் கொதிநீராவியில் சிதைந்தன. 1998இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் உருவான எஸ்பிஏ-15 தடித்த சுவர் கொண்டது. அதன் துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம் உப்புக்கரைசலை ஊறவைத்து, உலர்த்தி, ஹைட்ரஜனால் ஒடுக்கி உலோகத்துகள்களைப் பதிக்கின்றனர்.