இரண்டு படுக்கையறைகள்

ஒனோரே தோமியே வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறத்தாழ 4,000. அவற்றில் இரண்டை நான் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்று 1834இல் வந்தது, மற்றது 1853இல். இரண்டிலும் இருப்பது பாரிஸ் குடும்பமொன்றின் படுக்கையறை.

முதல் படத்தின் தலைப்பே ஒரு முகவரியும் தேதியும்தான்: திரான்ஸ்நோனேன் தெரு, 1834 ஏப்ரல் 15. பாரிஸில் மூண்ட ஒரு கிளர்ச்சியை அடக்க வந்த அரசுப் படையினர், அந்தத் தெருவின் 12ஆம் எண் வீட்டிலிருந்து தங்கள் மேல் சுட்டார்கள் என்று சொல்லி உள்ளே புகுந்து, குடியிருந்தவர்களைக் கொன்றார்கள். படத்தில் ஒரு சிப்பாய்கூட இல்லை. கட்டிலில் சாய்ந்தபடி ஒருவர் தரையில் கிடக்கிறார். இரவுச் சட்டை மேலேறியிருக்கிறது. தலையில் இரவுக் குல்லாய் அப்படியே இருக்கிறது. வெளிச்சம் முழுக்க அந்தச் சட்டையின் மேல் விழுவதால், அவர் உடலுக்கடியில் இருக்கும் குழந்தை சற்றுத் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது. அதன் பிறகு கண்ணை எடுக்க முடிவதில்லை. தூக்கத்தில் இருந்தவர்கள் இவர்கள் என்பதற்கு அந்தக் குல்லாயே சாட்சி.

பதிப்பாளர் சார்ல் பிலிப்போன் இதை வெளியிட்டார். கிடைத்த பிரதிகளைப் போலீஸ் கைப்பற்றியது. மறு ஆண்டு படங்களுக்கு முன்தணிக்கை வந்தது. லூயி பிலிப் மன்னரைப் பெருந்தீனி அரக்கனாக வரைந்து ஏற்கெனவே சிறை கண்டவர் தோமியே. அரசியல் வழி அடைபட்டதும் ‘ல ஷாரிவாரி’ இதழில் நடுத்தர வர்க்க வாழ்க்கையை வரையலானார்.

இரண்டாவது படம் அந்த வரிசையில் வந்தது. நகர நிர்வாகத் தலைவராக ஒஸ்மான் பொறுப்பேற்று பாரிஸை இடித்துக் கட்டத் தொடங்கிய ஆண்டு அது. ஒரு தம்பதி, பாதி இடிந்த கட்டடத்தைப் பார்த்து நிற்கிறார்கள். கல்யாணமான புதிதில் தாங்கள் இருந்த அறை அங்கே திறந்து கிடக்கிறது. இந்தக் கொத்தனார்களுக்கு நினைவுகளின் அருமை தெரியவில்லையே என்று மனைவி அதெலாய்திடம் கணவர் குறைப்படுகிறார். தோமியே படங்களின் அடிவாசகங்களைப் பெரும்பாலும் பிறரே எழுதினார்கள். இங்கும் சிரிப்பு வாசகத்தில்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பார்த்தால், வீட்டை இழந்த இருவர் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

முதலாவது மகத்தான கலை, இரண்டாவது வயிற்றுப்பாட்டுக்கு வரைந்தது என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. ஒரு குழந்தையின் உயிரும் ஒரு சுவரும் ஒரே எடை அல்ல என்பது உண்மை. முதல் படத்தில் ஒவ்வொரு நிழலும் பொறுமையாகத் தேய்த்து ஏற்றப்பட்டது. இதழுக்காக வரைந்ததில் கோடு விரைகிறது. ஆனாலும் தோமியேவின் கண் மாறவில்லை. யாருடைய அனுமதியும் கேட்காமல் ஓர் அறை உடைத்துத் திறக்கப்படுவதைத்தான் இரண்டு முறையும் அவர் பார்த்தார். முன்பு அரசின் துப்பாக்கி, பின்பு அரசின் கடப்பாரை. முதல் அறையில் இருந்தவர்களால் பேச முடியாது. அதெலாய்தின் கணவரால் குறையாவது சொல்ல முடிகிறது.

அவர் அதைச் சொன்னபோது திரான்ஸ்நோனேன் என்ற பெயரே பாரிஸ் தெருக்களில் இல்லை. 1851இல் அந்தத் தெருவை போபூர் தெருவோடு சேர்த்துவிட்டார்கள்.