விதை, கூழாங்கல், ஆசிரியரின் கண்: கோஸ்பாட் மழலையர் கல்வி பற்றி ஓர் ஆய்வு

இயற்கையோடு விளையாடிக் கற்கும் மழலையர் கல்வி என்றால் இன்று பலரும் வட ஐரோப்பாவைக் கைகாட்டுகிறார்கள். ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் 1993-இல் அரசு ஏற்புப் பெற்ற காட்டு மழலையர் பள்ளியும், அதற்கு முன்னோடியான டென்மார்க் முயற்சிகளும் மேற்கோளாகின்றன. அவற்றைப் பின்பற்றி நம் பெருநகரங்களிலும் மண்ணும் மரமும் சூழ்ந்த பள்ளிகள், கணிசமான கட்டணத்தோடு, வந்துவிட்டன. ஃப்ளென்ஸ்பர்க்குக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1945-இல், மகாராஷ்டிரத்தின் கடலோர ஊரான போர்டியில் தாராபாய் மோடக் இதே வழியில் இறங்கியிருந்தார். அவரை அங்கே கொண்டுசேர்த்தவை வறுமையும் பற்றாக்குறையும். அந்தப் பற்றாக்குறை கற்பிக்கும் முறையை எப்படி மாற்றியது, அந்த மாற்றத்தில் எது பின்னாளைய அரசுத் திட்டத்தில் நழுவியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தாராபாய் (1892–1973) மாண்டிசோரி முறையில் ஊறியவர். பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் நிறுவிய பாலமந்திரில் அவருடன் பணியாற்றினார். ‘பகல் கனவு’ நூலின் ஆசிரியராகத் தமிழ் வாசகர்கள் அறிந்த அதே கிஜுபாய்தான். இருவரும் முன்னின்று 1926-இல் நூதன் பால சிக்ஷண சங்கத்தை உருவாக்கினர். 1936-இல் பம்பாய் தாதரில் சிசு விஹார் தொடங்கியது. நகரத்தில் நன்கு வேரூன்றிய பணியை விட்டுக் கிராமத்துக்குப் போனபோது தாராபாய்க்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. உடன் நின்றவர் அனுதாய் வாக் (1910–1992). சிறு வயதிலேயே மணமாகி விதவையாகி, படித்து ஆசிரியையானவர். 1957-இல் இவர்களது பணி வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு நகர்ந்தது.

அங்கே முதலில் இடித்தது விலை. மாண்டிசோரியின் கருவிகள் அளவு பிசகாமல் செய்யப்படுபவை. இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள். பக்க அளவு ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை படிப்படியாக ஏறும். பிடி வைத்த உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்த வேண்டும். ஒன்றைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஏதோ ஒன்று இடமில்லாமல் நிற்கும். பிழையைக் கருவியே குழந்தைக்குக் காட்டிவிடும். பெரியவர் வாய் திறக்க வேண்டியதில்லை. இத்தகைய கருவிகளை ஊருக்கு ஊர் வாங்கும் வசதி இல்லாத இடத்தில் தாராபாயும் அனுதாயும் விதை, இலை, பூ, கூழாங்கல், சிப்பி, சுள்ளி, களிமண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

இதை மலிவான மாற்று என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது வழக்கம். அப்படிப் பார்த்தால் பாதிதான் தெரியும். இலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொன்னால், நீண்டு ஒடுங்கிய இலை பெரிதா, குட்டையாக அகன்ற இலை பெரிதா? கற்களை அடுக்கினால் கனத்தைப் பார்ப்பதா, பருமனைப் பார்ப்பதா? எந்தக் குழியும் இதற்குப் பதில் சொல்லாது. குழந்தை ஏன் அப்படி அடுக்கியது என்று அருகில் இருப்பவர் கேட்க வேண்டும், கேட்டதை நினைவில் வைக்க வேண்டும், மறுநாள் அதற்கேற்ற வேறொரு பொருளைத் தேடிவைக்க வேண்டும். அதாவது, பிழையைத் திருத்தும் வேலை கருவியிடமிருந்து கைமாறி, ஆசிரியரின் கவனிப்புக்கும் குழந்தைகளின் பேச்சுக்கும் வந்துவிடுகிறது. செலவு குறையவில்லை, பொருளில் மிச்சப்பட்டது ஆசிரியரின் உழைப்பில் கூடியது.

வேறொரு திசையிலிருந்து 1971-இல், ‘உதிரிப் பொருள்’ கோட்பாட்டை முன்வைத்த சைமன் நிக்கல்சன் இதை நெருங்கினார். மாற்றி மாற்றிக் கையாளக்கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு கூடுதலோ, கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடுதல் என்பது அவர் வாதம். பொருளின் வளத்தை அவர் பேசினார். அந்த வளத்தைப் பாடமாக்கும் மனிதரைப் பற்றிய பாடம் கோஸ்பாட்டில் கிடைக்கிறது.

மாண்டிசோரியை இயற்கைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துவது நியாயமாகாது. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் வாழ்ந்தபோது, செடிகளும் உயிரினங்களும் நிறைந்த அச்சூழலில்தான் சற்று மூத்த குழந்தைகளுக்கான பாடங்களை விரித்தார். கோஸ்பாட்டுக்கும் ஃப்ளென்ஸ்பர்க்குக்கும் இடையிலான வேறுபாடு இயற்கையின் பங்கில் இருக்கிறது. ஃப்ளென்ஸ்பர்க் குழந்தைக்குக் காடு புது அனுபவம். வார்லிக் குழந்தைக்கு அது வீட்டு வாசல்; பள்ளிதான் அந்நியம். பள்ளியின் கட்டடத்துக்குள் கூழாங்கல் வந்தபோது, குழந்தை ஏற்கெனவே அறிந்த ஒன்று அங்கே மதிப்புப் பெற்றது.

அப்படியும் பலர் வரவில்லை. தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், மாடு மேய்க்க வேண்டும். எனவே குடியிருப்பின் முற்றத்துக்கே ஆசிரியர் போனார். குளிப்பாட்டித் தலைவாரிய பிறகு விளையாட்டு தொடங்கியது. கைக்குழந்தைக்குக் காப்பகம், சிறுவர்க்குப் பால்வாடி, மூத்தவர்க்குத் தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் இணைந்தன. மேய்ச்சல் நிலத்திலேயே புல்வெளிப் பள்ளியும் நடந்தது. குழந்தை உழைப்பை அப்படியே ஏற்று அதற்கு ஏற்பாடு செய்துகொடுத்ததாக இதைக் குறைகூற முடியும். அந்தக் குறையை முழுமையாகத் தள்ளவும் முடியாது. அக்குடும்பங்களின் வருவாயை மாற்றும் அதிகாரம் ஓர் ஆசிரியையிடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

‘அங்கன்வாடி’ என்ற முற்றத்துப் பால்வாடியின் பெயரும் வடிவமும் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் நாடெங்கும் பரவின. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, பரிந்துரைச் சேவை, தாய்மார்க்கான நலக்கல்வி ஆகியவற்றோடு முன்பருவக் கல்வி ஆறில் ஒன்றானது. உயிர்காக்கும் பணிகள் முன்னே நிற்பது சரிதான். ஆனால் எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, பதிவேடு நிரப்பும் ஒரே பணியாளரிடம், ஒரு குழந்தை இலையை ஏன் அப்படி அடுக்கியது என்று கேட்க எவ்வளவு நேரம் எஞ்சும்?

கேட்காத இடத்தில் விளையாட்டு வெறும் பொழுதுபோக்காகத்தான் தெரியும். பெற்றோர் கைக்கு வரும் சான்று எதுவும் இல்லை. தனியார் மழலையர் பள்ளியின் நோட்டுப் புத்தகம் அதைத் தருகிறது. 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ள தமிழ்நாட்டில் 2019-இல், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டதை இந்தப் பின்னணியில் படிக்கலாம்.

விளையாட்டுவழிக் கற்றலை முன்வைக்கும் 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், 2023-இல் ஒன்றிய அரசு பொம்மைகள், புதிர்கள், படஅட்டைகள் அடங்கிய ‘ஜாதுயி பிட்டாரா’ பெட்டியை வெளியிட்டது. பெட்டி பயன்படும். கோஸ்பாட் சொல்லும் வரிசை வேறு: மையத்துக்கு இரண்டாவது பணியாளர், நாளின் ஒரு பகுதியேனும் பதிவேட்டு வேலையின்றி குழந்தைகளுக்கு மட்டும், ஒவ்வொரு குழந்தையும் அந்த வாரம் எதை வைத்து என்ன செய்தது என்று தாயிடம் பேசுவதற்கான பயிற்சி. இம்மூன்றுக்கும் ஆண்டுதோறும் சம்பளச் செலவு உண்டு. பெட்டிக்கான செலவைப் போல ஒருமுறையோடு அது முடிவதில்லை. திட்ட ஒதுக்கீடுகளில் இம்மூன்றும் பின்னுக்குத் தள்ளப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கக்கூடும்.