சேக்கிழாரின் உவமைகளில் வயலும் பசுவும்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள குன்றத்தூர், பெரியபுராணத்தை இயற்றிய சேக்கிழார் பிறந்த ஊர். அவரது இயற்பெயர் அருண்மொழித்தேவர். வேளாண் குடியில் பிறந்த அவர், இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் (ஆட்சிக்காலம் 1133–1150) அமைச்சராக இருந்து ‘உத்தமசோழப் பல்லவர்’ என்னும் பட்டம் பெற்றார். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின் மீது கொண்ட பற்றினால், அதே பெயரில் ஒரு சிவன் கோயிலைக் குன்றத்தூரில் எழுப்பினார் என்பது மரபு. அரசவையில் உயர்ந்த பதவி வகித்தவர் எனினும், அடியார்களின் அன்பை விளக்க வயலையும் பயிரையும் பசுவையும் அவர் உவமைகளில் கொண்டுவந்தார்.

உவமையின் இலக்கணம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாம் இயல் உவமவியல். உவமை பிறக்கும் வழிகளை அது வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. வீட்டுப் பொருள்களைக் கொண்டே இவற்றை விளக்கலாம். தறியில் ஓடும் நாடாவைப் போல ஒருவர் அங்குமிங்கும் அலைந்தார் என்பது வினை உவமை. ஏரியைப் போல ஊருக்கு உதவினார் என்பது பயன் உவமை. முறம் போன்ற யானைக்காது என்பது வடிவத்தால் வந்த மெய் உவமை. அடுப்புக்கரி போன்ற இருள் என்பது நிறத்தால் வந்த உரு உவமை. ‘போல’, ‘போன்ற’ என்னும் உவம உருபு நீங்கி, இரு பொருள்களும் ஒன்றென்றே சொல்லப்பட்டால் அது உருவகம் ஆகும்.

உவமையாக வருவது, சொல்லவந்த பொருளைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் கூறும் பொது விதி. அந்த உயர்வு எதைப் பற்றி நிற்கும் என்பதற்குச் சிறப்பு, நலன், காதல், வலி என நான்கு நிலைக்களன்களையும் அவர் கூறுகிறார். ஆகவே விலை உயர்ந்த பொருளே உவமையாக வேண்டும் என்பதில்லை. அன்பு மிகுந்த எளிய உயிரும் உயர்ந்த உவமை ஆகலாம்.

மூன்று உவமைகள்

திருநாட்டுச் சிறப்பில், முற்றிய நெற்கதிர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும் காட்சி வருகிறது. அடியார்கள் ஒருவரையொருவர் கண்டதும் தலை வணங்குவதை அதற்கு உவமையாக்குகிறார் சேக்கிழார். அங்கே ‘பத்தி’ என்னும் சொல், பயிருக்கு வரிசை என்றும் அடியாருக்குப் பக்தி என்றும் இருபொருள் தருகிறது.

இளையான்குடி மாறநாயனார் வறுமையுற்றிருந்த காலம். மழை பெய்யும் இரவில் ஓர் அடியார் பசியோடு வருகிறார். பகலில் விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிவந்து சோறாக்குகிறார்கள். வீட்டுக் கூரையை அறுத்து விறகாக்குகிறார்கள். கறிக்கு ஒன்றும் இல்லாததால், முற்றாத கீரைப் பயிரை நாயனார் இருளில் கையால் தடவிப் பறிக்கிறார். பாசத்தை வேரோடு பறிப்பவரைப் போல அவர் பறித்தார் என்பது சேக்கிழாரின் உவமை. வினையால் வந்த உவமை இது. நாளைய விளைச்சலையும் விட்டுக்கொடுத்த ஒருவரின் பற்றின்மை அந்த ஒரு செயலில் விளங்கிவிடுகிறது.

மூன்றாவது, கண்ணப்பர் வரலாற்றில் வருவது. குடுமித்தேவரை விட்டுப் பிரிய மனமின்றி அவர் போகிறார், திரும்புகிறார், தழுவுகிறார், மீண்டும் போகிறார். கன்றைப் பிரிந்த, அண்மையில் ஈன்ற பசு அவருக்கு உவமை. தொல்காப்பியர் சொன்ன காதல் என்னும் நிலைக்களன் இங்கே பொருந்துகிறது. எழுத்தறியாத வேடரின் பக்தியை விளக்க எந்த நூலறிவும் தேவைப்படவில்லை. கொட்டிலில் கன்று ஈன்ற பசுவைப் பார்த்திருந்தால் போதும்.

பொருள் மறையும்போது

இந்த உவமைகளை விளங்கிக்கொள்ள ஒரு காலத்தில் உரை வேண்டியிருந்ததில்லை. இன்று குன்றத்தூரை அடுத்த நிலப்பரப்பு பெரிதும் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. வேலைவாய்ப்பு பெருகியது, விளைநிலம் சுருங்கியது. செம்பரம்பாக்கம் ஏரியும் முதன்மையாகச் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியாகவே இன்று அறியப்படுகிறது.

கதிர் முற்றினால் ஏன் சாய்கிறது என்று அறியாத மாணவருக்கு, அடியார் வணக்கம் பற்றிய உவமை மனப்பாடப் பகுதியாக மட்டுமே நிற்கும். உவமானம், உவமேயம், உவம உருபு, பொதுத்தன்மை என நான்கையும் பிரித்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பொதுத்தன்மை எது என்பது பொருளைக் கண்டவருக்கே எளிதில் புலப்படும். வகுப்பறைக்கு ஒரு நெற்கதிரையும் ஒரு முறத்தையும் கொண்டுவருவது, உவமைப் பாடத்தின் முதல் படியாக அமையும். அதன்பின் மாணவர் தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள பொருள்களைக் கொண்டு புதிய உவமைகளை உருவாக்கலாம். சேக்கிழாரும் தம் காலத்து மக்கள் நாள்தோறும் கண்ட பொருள்களிலிருந்தே தம் உவமைகளை எடுத்தார்.