கப்பலின் உள் அறை



சென்னையிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் மூன்று இரவு போய் வந்தோம். டிக்கெட் எடுக்கும்போதே வீட்டில் ஒரு வாக்குவாதம். "பால்கனி வச்ச ரூம் எடுக்கறேன்பா, கடலைப் பாத்துக்கிட்டே படுக்கலாம்" என்றான் மகன். எனக்குச் சன்னலே இல்லாத உள் அறைதான் வேண்டும் என்றேன். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், தூக்கம். ஐந்தாறு வருடமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. தெருவிளக்கு, மோட்டார் சைக்கிள் சத்தம், பிறகு பால்காரர்.

என் மனைவிதான் மடக்கினாள். "உங்க பெரியப்பா சாகிற வரைக்கும் திண்ணையை விட்டு உள்ளே படுத்ததில்லை. நீங்க சன்னல் இல்லாத ரூம் கேக்கறீங்களே?"

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். இந்தோசீனச் சண்டை முடிந்தபின் சைகோனிலிருந்து கப்பலில் திரும்பினார். கீழ்த்தளத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைக் கட்டில்கள். "அது தூங்கற இடமில்லடா, நெல்லு அவிக்கற அண்டா" என்பார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே போன நீராவிக் கப்பல்கள் எல்லாம் செங்கடலைத் தாண்டியாக வேண்டும். இரண்டு பக்கமும் பாலைவனம். கப்பலின் வேகத்திலேயே பின்னாலிருந்து காற்று வீசினால், கப்பலில் இருப்பவருக்குக் காற்றே கிடையாது. சில கேப்டன்கள் கப்பலையே கொஞ்ச நேரம் திருப்பி, காற்றுக்கு எதிராக ஓட்டி அறைகளுக்குக் காற்று பிடித்ததுண்டு. வெளிப்பக்க அறைக்காரர்கள் வட்டச் சன்னலில் தகரக் கரண்டி போன்ற ஒன்றைச் செருகிக் காற்றை உள்ளே திருப்புவார்கள். உள் அறைக்காரருக்கு அதுவும் இல்லை. படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். விடிவதற்குள் தளம் கழுவ ஆட்கள் வாளியோடு வந்து எழுப்பிவிடுவார்கள்.

'போஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று வெயில் படாத அறையைப் பணக்காரர்கள் கேட்டு வாங்கினார்களாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதலெழுத்துகளாம். அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டும் இதுவரை அகப்படவில்லை. கதை பொய்யாக இருக்கலாம், வெயில் பொய்யில்லை.

இந்த உள் அறையைத் திருத்தப் பலரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கொழும்பு, ரங்கூன் வழியில் கப்பல் விட்ட பிபி கம்பெனி, உள் அறையிலிருந்து ஒரு குறுகிய சந்தை நீட்டி, அதன் முனையில் வட்டச் சன்னல் வைத்தது. அந்த அறைக்கே 'பிபி கேபின்' என்று பெயர். கிளாஸ்கோவின் தெர்மோடாங்க் கம்பெனி, குழாய் வழியே காற்றைத் தள்ளி, திருப்பக்கூடிய உருண்டை மூக்கு வழியாக முகத்தில் வீசச் செய்தது. அதற்கு வைத்த பெயர் 'பங்கா லூவர்'. கயிறு கட்டி இழுத்த நம் பழைய கச்சேரிப் பங்காதான் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது. இன்று ஏ.சி. பஸ்ஸில் தலைக்கு மேல் இருப்பதும் அதன் வாரிசுதான்.

1961இல் ஓடத் தொடங்கிய பி அண்டு ஓ கம்பெனியின் 'கான்பெரா' முழுக்க ஏ.சி. அப்படியிருந்தும், உள்ளே இருக்கும் அறைகளுக்கும் பகல் வெளிச்சம் எட்டட்டும் என்று அவற்றில் பலவற்றை ஒரு முற்றம் போன்ற இடைவெளியைச் சுற்றி அமைத்தார்கள். இருட்டு அன்றைக்கும் ஒரு குறையாகத்தான் தோன்றியிருக்கிறது.

ஆட்டமும் குறைந்தது. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இரண்டு சொல் சொல்லிக்கொடுத்தார்: பக்கவாட்டில் சாய்வது 'ரூலி', முன்னும் பின்னும் ஏறி இறங்குவது 'தாங்காழ்'. 1950இல் வந்த 'சூசான்' கப்பலில் அடிப்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கைகள் வைத்து 'ரூலி'யை அடக்கினார்கள். 'தாங்காழை' அடக்க வழியில்லை. அதற்கு அறையைத்தான் பார்த்து எடுக்க வேண்டும். சீசாப் பலகையில் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் கம்மி அல்லவா? அதுபோல நீளத்தில் நடு, உயரத்தில் கீழ்.

காற்றும் குளிரும் குழாயில் வந்தபின், உள் அறையின் குறையே நிறைவாகிவிட்டது. வெளிச்சம் பட்டால் உடம்பு விழித்துக்கொள்ளும். அங்கே வெளிச்சமே வராது. என்னைப் போன்றவர்கள் போவதாக இருந்தால் கப்பலின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம் அறைகளாகவே இருக்கட்டும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கும் சத்தம். நாடக அரங்குக்கு மேலே எடுத்தால் நள்ளிரவு வரை பாட்டு. முன்முனையில் நங்கூரச் சங்கிலி, பின்முனையில் இயந்திர அதிர்வு. லிப்ட் பக்கமும் வேண்டாம்.

இன்னொன்று. 1932 மே மாதம், முதல் பயணத்திலேயே, யோகோகாமாவிலிருந்து திரும்பும் வழியில் ஏடன் வளைகுடாவில் 'ஜோர்ஜ் ஃபிலிப்பார்' என்ற பிரெஞ்சுக் கப்பல் இரவில் தீப்பிடித்து எரிந்தது. புகழ்பெற்ற பத்திரிகையாளர் அல்பேர் லோந்த்ர் அதில்தான் மாண்டார். அதனால் அறைக்குள் போனதும் நான் முதலில் செய்தது, வாசலிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணியது. பதினொன்று. நம் வயதில் சின்ன டார்ச் ஒன்றும் தலைமாட்டில் வேண்டும். அந்த இருட்டில் விழுந்தால் எலும்பு கூடாது.

முதல் இரவு பதினொரு மணிக்குப் படுத்தேன். விழித்தபோது ராத்திரியா பகலா தெரியவில்லை. கைப்பேசியில் மணி ஆறு பத்து. ஏழு மணி நேரம்! சொல்லலாம் என்று திரும்பினால் பக்கத்தில் மனைவி இல்லை. பதறிக்கொண்டு மேலே ஓடினேன். மேல்தளத்தில் ஒரு நாற்காலியில், புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, காற்றில் தூங்கிக்கொண்டிருந்தாள். "உள்ளே மூச்சு முட்டுச்சுங்க. ராத்திரி பூரா கண்ணை மூடலை. இங்க வந்துதான் அசந்தேன்" என்றாள்.

பெரியப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு யாரும் எந்த அறை வேண்டும் என்று கேட்கவில்லை. நானும் இவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மற்ற இரண்டு இரவும் குளியலறை விளக்கை எரியவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தோம். எனக்கு ஐந்து மணி நேரம், அவளுக்கு நாலு. கணக்கு எழுதிப் பழகிய கை, கூட்டிப் பார்த்தேன். இருவருக்குமாக ஒன்பது. முதல் இரவைவிட அதிகம்தான்.