பந்து யாருக்கு? ரோபோ கால்பந்து பிறந்த கதை

கணினிக்கு எவ்வளவு அறிவு என்று பார்க்க வெகுகாலம் சதுரங்கம்தான் உரைகல்லாக இருந்தது. அதில் எதிராளி காய் நகர்த்தும்வரை காத்திருக்கலாம். பலகை முழுதும் கண்ணெதிரே இருக்கும். யோசிப்பதும் ஒரே மூளைதான். இந்த மூன்று வசதியும் இல்லாத ஆட்டம் கால்பந்து. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் மேக்வொர்த், ரோபோக்களைக் கால்பந்து ஆடவிட்டுப் பார்க்கலாம் என்று 1992இல் எழுதினார்.

அதே ஆண்டு டோக்கியோவில் கூடிய ஆய்வாளர்களுக்கும் தனியே இந்த எண்ணம் வந்தது. 1993 ஜூனில் ஹிரோவாகி கிட்டானோ, மினோரு அசாடா, யசுவோ குனியோஷி ஆகியோர் போட்டி நடத்தத் தீர்மானித்தார்கள். ஜப்பானில் ஜே-லீக் கால்பந்து அப்போதுதான் தொடங்கியிருந்ததால் ‘ரோபோ ஜே-லீக்’ என்று பெயர் வைத்தார்கள். வெளிநாடுகளிலிருந்தும் ஆர்வம் குவியவே, ஒரு மாதத்துக்குள் அது உலகக் கோப்பையாகி, ‘ரோபோகப்’ ஆனது. 1997 மே மாதம் சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவை டீப் புளூ கணினி தோற்கடித்தது. ஆகஸ்டில் நகோயாவில் முதல் ரோபோகப் நடந்தது. 40க்கும் மேற்பட்ட அணிகள் வந்தன. மனித உலகச் சாம்பியன்களை 2050க்குள் ரோபோ அணி வெல்ல வேண்டும் என்பது இலக்கு.

உதைக்கக் கற்றுத்தருவதைவிடப் பெரிய சிக்கல், யார் உதைப்பது என்பது. ரோபோகப்பின் கணினிப் பிரிவில், இட்சுகி நோடா உருவாக்கிய மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தனி மென்பொருள். தான் திரும்பியிருக்கும் பக்கம் மட்டுமே தெரியும், அதுவும் துல்லியமாகத் தெரியாது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிவெடுக்க வேண்டும். சும்மா விட்டால் தெருப் பிள்ளைகளைப் போல எல்லாரும் பந்தின் பின்னால்தான் ஓடுவார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்டோனும் மனுவேலா வெலோசோவும் ஆட்டத்துக்கு முன்பே ஓர் உடன்பாடு போட்டுவைத்தார்கள்: யாருக்கு எந்த இடம், எப்போது இடம் மாறிக்கொள்வது என்று. 1998இல் அவர்கள் அணி கணினிப் பிரிவில் கோப்பையை வென்றது.

அடுத்து, எழுதித்தராமல் தானே கற்கவைக்கும் முயற்சி. சென்னை ஐஐடியில் படித்து, டெக்சாஸில் ஸ்டோனிடம் ஆய்வு செய்யப்போன சிவராம் கல்யாணகிருஷ்ணன், 2006இல் அரை மைதான ஆட்டம் ஒன்றை முன்வைத்தார். நான்கு பேர் தாக்க, ஐந்து பேர் தடுக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும் என்பதால், தனித்தனியாகக் கற்றால் முன்னேற்றம் மந்தம். ஒருவர் பெற்ற அனுபவத்தை மற்றவர்களுக்கும் சொல்லவைத்தபோது அணி வேகமாகக் கற்றது, நன்றாகவும் ஆடியது.

மைதானத்திலிருந்து தொழிலுக்குப் போனவர்களும் உண்டு. ரோபோகப்பில் பலமுறை வென்ற கார்னெல் பல்கலைக்கழக அணியை வழிநடத்திய ராஃபெல்லோ டி’ஆண்ட்ரியா, 2003இல் தொடங்கிய கிவா நிறுவனத்தில் கூட்டாளியாகச் சேர்ந்தார். கிடங்குகளில் ஒன்றோடொன்று மோதாமல் அலமாரி சுமக்கும் அதன் ரோபோக்களுக்காக 2012இல் அமேசான் 77.5 கோடி டாலர் கொடுத்தது.

தமிழ்நாட்டில் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆலைகளுக்கும் ரோபோ புதிதல்ல. போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர் ஆலையில் வெல்டிங்குக்கும் பெயின்டிங்குக்கும் ஏபிபி நிறுவன ரோபோக்கள் இருக்கின்றன. ஆனால் நின்ற இடத்தில் ஒரே வேலையைச் செய்யும் கைக்குக் கால்பந்து தேவையில்லை. ஷெட்டுக்குள் பாகம் சுமந்து ஓடும் வண்டிகள் பெருகும்போதுதான், எதிரே வருவதற்கு வழிவிடுவதா, முந்திப்போவதா என்று அவை தமக்குள் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும். 2050இல் கோப்பை யாருக்கோ, அந்த வேலைக்கான பயிற்சி மைதானத்தில் ஏறத்தாழ முப்பது வருஷமாக நடக்கிறது.