ஆற்றைத் தெரிஞ்ச ஆக்கள்

இன்டெர்ன்ஷிப் என்றதும் எங்களுக்கு வங்கியும் ஐரி கொம்பனியும்தான் ஞாபகம் வரும். ஆற்றுக்குள்ள நிண்டு மீன் எண்ணுறதும் இன்டெர்ன்ஷிப்தான் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கோ, அம்மா என்ன சொல்லுவா என்று! அமெரிக்காவில் இந்தக் கதைக்குத் தொண்ணூறு வயது. அதில் கணிசமான பகுதி ஒரே ஒரு ஆற்றின் கரையில் நடந்திருக்கிறது. நியூயோர்க் நகரத்தைத் தொட்டுக்கொண்டு கடலில் விழுகிற ஹட்சன் ஆறுதான் அது.

தொடக்கம் 1933. பொருளாதாரப் பெருமந்தம், ஊர் ஊராக வேலையில்லாத இளைஞர்கள். புதிதாக வந்த ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் வீடு ஹட்சன் கரையில், ஹைட் பார்க் என்ற ஊரில் இருந்தது. தன்னுடைய தொழில் மரம் வளர்ப்பது என்று சொல்லிக்கொள்ளுகிற மனிசன் அவர். வேலையில்லாத பெடியளையும் மொட்டையாகிப் போன காடுகளையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார். அதன் பெயர் சிவிலியன் கொன்சர்வேஷன் கோப்ஸ். முகாமில் சாப்பாடு, உடுப்பு, மாதம் 30 டொலர் சம்பளம். அதில் ஏறத்தாழ 25 டொலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1942இல் திட்டம் மூடப்படும்வரை சுமார் 30 இலட்சம் பேர் வேலை செய்தார்கள். நட்ட மரங்கள் 300 கோடியளவில். இன்றைக்கு அமெரிக்கப் பூங்காக்களில் இருக்கிற நடைபாதைகள், கல்வேலைகள், சின்னச் சின்ன அணைகள் பலவும் அந்தப் பெடியளின் கைவேலை. (பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்கீசையும் நினைக்க வேண்டாம். யால, வில்பத்து மாதிரிப் பெரிய காட்டு நிலங்களைத்தான் சொல்லுறன்.)

இந்தத் திட்டத்தைப் புகழுகிறவர்கள் இரண்டு விசயத்தை மெதுவாகத் தாண்டிப் போவார்கள். கறுப்பின இளைஞர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் 1935இலிருந்து அவர்களுக்குத் தனி முகாம்கள். பெண்களுக்கோ இடமே இல்லை. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் பெண்களுக்கென்று வேறாகச் சில முகாம்கள் தொடங்கப்பட்டன. அவற்றில் முதலாவது, ஹட்சனுக்கு மேற்கே பெயர் மவுண்டன் பக்கத்தில் 1933இல் திறக்கப்பட்ட கேம்ப் தேரா. நாடு முழுக்க 8,500 அளவிலான பெண்கள்தான் இப்படியான முகாம்களில் தங்கினார்கள். ஆண்களுக்கு 30 இலட்சம், பெண்களுக்கு எட்டாயிரத்துச் சொச்சம்! 30 டொலர் சம்பளமும் அவர்களுக்கு இல்லை. பத்திரிகைகள் பட்டப்பெயர் வைத்து நக்கலடித்தன. 1937இல் எல்லாம் மூடியாயிற்று.

கேம்ப் தேராவில் தங்கியவர்களில் ஒருவர் போலி மறே. பின்னாளில் சட்டத்தரணியாகி, இனப் பாகுபாட்டுக்கும் பால் பாகுபாட்டுக்கும் எதிரான வாதங்களுக்கு அத்திவாரம் போட்டவர். உடல்நலம் கெட்டு, வேலையும் இல்லாமல் அங்கே வந்த அவரை முகாம் பொறுப்பாளருக்குப் பிடிக்கவில்லை. கார்ல் மார்க்ஸின் புத்தகம் அவரிடம் இருந்ததும் ஒரு பிரச்சினையாகி, கடைசியில் முகாமை விட்டு வெளியேற வேண்டி வந்தது. முகாமைப் பார்க்க வந்த எலினோரை முதன்முதலில் கண்டதும் அங்கேதான். அந்த அறிமுகம் பிறகு நீண்டகால நட்பாக மாறியது.

போர் முடிந்த பிறகு பூங்காக்களுக்குக் காசு வரவில்லை, சனம் மட்டும் அள்ளுகொள்ளையாக வந்தது. 1953இல் பெர்னார்ட் டிவோட்டோ என்ற எழுத்தாளர், பராமரிக்கக் காசு தராவிட்டால் தேசியப் பூங்காக்களை இழுத்து மூடுங்கள் என்று ஹார்ப்பர்ஸ் சஞ்சிகையில் கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். அதை வாசித்தவர்களில் ஒருத்தி எலிசபெத் குஷ்மன். ஹட்சன் கரையிலுள்ள போகிப்ஸி நகரில், அப்போது பெண்களுக்கு மட்டுமாயிருந்த வாசர் கல்லூரி மாணவி. மூடுறதுக்குப் பதிலாக மாணவர்களை அனுப்பினால் என்ன என்று கேட்டு, 1955இல் தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதினாள். எங்கட கம்பஸ்களில் ஆய்வேடு என்றால் மேலே எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். இவள் அதைத் தூக்கிக்கொண்டு பூங்காப் பூங்காவாகப் போய் அதிகாரிகளிடம் பேசினாள். 1957 கோடையில் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களில் 53 மாணவர்கள் வேலைக்கு இறங்கினார்கள். ஸ்டூடன்ட் கொன்சர்வேஷன் அசோசியேஷன் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. இன்றும் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கோ. 1933இல் போனவர்கள் சம்பளத்துக்குப் போனார்கள், வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. 1957இல் போனவர்கள் தொண்டர்கள். ஒரு கோடை முழுக்க உழைக்காமல் இருக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தொண்டு சுகம். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய ஒன்றுக்குள் இந்தச் சிக்கல் முதல் நாளிலிருந்தே இருந்தது என்பது என் அபிப்பிராயம். பிறகு சாப்பாட்டுச் செலவு, படி, 1993க்குப் பின் அமெரிகோப்ஸ் என்ற அரச திட்டத்தின் சிறு கொடுப்பனவு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யப் பார்த்தார்கள். முழுக்கச் சரியானது என்று சொல்லமாட்டன்.

திரும்ப ஆற்றுக்கு வருவம். 1962இல் கொன் எடிசன் என்ற மின்சாரக் கொம்பனி ஹட்சன் கரையின் ஸ்ரோம் கிங் மலையில் பெரிய மின்நிலையம் ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தது. இரவில் ஆற்றுத் தண்ணியை மேலே ஒரு தேக்கத்துக்கு இறைத்து, பகலில் கரண்ட் தேவை கூடும்போது கீழே திறந்துவிடுகிற திட்டம். மலையைக் குடைய வேண்டும். எதிர்த்த ஊராக்களும் மீன்பிடிகாரரும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். உங்களுக்கு இதில் என்ன நட்டம், நீங்கள் ஏன் வழக்குப் போடுகிறீர்கள் என்பதுதான் மற்றப் பக்கத்தின் வாதம். 1965 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், காசு நட்டம் இல்லாவிட்டாலும் ஒரு இடத்தின் அழகிலும் இயற்கையிலும் அக்கறை உள்ளவர்கள் வழக்காடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கொடுத்த அனுமதியும் இரத்தானது. அமெரிக்கச் சுற்றாடல் சட்டம் படிக்கிற எவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. மின்நிலையம் தண்ணி இறைக்கும்போது வரிக்கொடுவா போன்ற மீன்களின் முட்டையும் குஞ்சும் எவ்வளவு உள்ளே இழுபட்டுச் சாகும் என்று கேள்வி வந்தது. கொம்பனியின் காசில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்புச் சொற்பம் என்றார்கள். பிறகு பார்த்தால், ஆறு ஒரே திசையில் கடலுக்கு ஓடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஹட்சன் அப்படி ஓடுகிற ஆறில்லை. கடலிலிருந்து ஏறக்குறைய 150 மைல் தூரம் வரைக்கும் வற்றும் பெருக்கும் ஏறி இறங்கும். அங்கத்தைய ஆதிக்குடிகள் அதற்கு வைத்த பெயரே இரண்டு பக்கமும் ஓடும் ஆறு என்று பொருள்படும். ஒருக்கா தப்பிப் போன முட்டை அடுத்த பெருக்கில் திரும்பக் குழாய் வாசலுக்கு வரும், பிறகு திரும்பப் போகும், திரும்ப வரும். தூண்டில் போடுகிற எந்தக் கிழவனிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். 1974இல் மீன் விசயத்தைத் திரும்ப விசாரி என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

1980 டிசம்பரில் சமரசம் வந்தது. மின்நிலையம் கைவிடப்பட்டது. கொம்பனி வாங்கி வைத்த மலைநிலம் பொதுப் பூங்காவானது. அதோடு, ஆற்றைச் சுதந்திரமாக ஆராய ஒரு நிறுவனம் அமைக்க மின்கொம்பனிகள் 1 கோடி 20 இலட்சம் டொலர் வைப்புநிதி கொடுக்க வேண்டும் என்றும் உடன்பட்டார்கள். அப்படி உருவான ஹட்சன் றிவர் பவுண்டேஷன், மாநிலச் சுற்றாடல் திணைக்களத்தோடு சேர்ந்து, ஒவ்வொரு கோடையும் எட்டு மாணவர்கள் வரை தெரிந்து, காசும் ஒரு வழிகாட்டியும் கொடுத்து ஆற்றில் இறக்கிவிடுகிறது. டிபோர் போல்கர் என்பவரின் பெயரிலான புலமைப்பரிசில் அது. சேற்று நிலத்தின் நாணல், நண்டு, பாசி, மீன்குஞ்சு என்று ஆளுக்கொரு கேள்வி. கொம்பனிக்குக் கடமைப்படாமல் ஆற்றை அறிந்த ஒருத்தர் தேவை என்பதைப் பதினேழு வருச வழக்கு காட்டியிருந்தது. அந்த ஆக்களை உருவாக்குவதற்குத்தான் இந்தக் காசு.

அதன் தேவை அதோடு முடியவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் கொம்பனியின் இரண்டு தொழிற்சாலைகள் 1977 வரை பிசிபி என்ற நச்சு இரசாயனத்தை மேல் ஹட்சனில் விட்டிருந்தன, அளவு 13 இலட்சம் இறாத்தல் வரை என்று கணக்கு. 2009க்கும் 2015க்கும் இடையில்தான் அடிச்சேற்றை அள்ளினார்கள். பிள்ளைகளை ஏற்றிச்சென்று ஆற்றைக் காட்டுவதற்குப் பாடகர் பீற் சீகர் முன்னின்று கட்டுவித்த கிளியர்வோட்டர் என்ற பாய்க்கப்பல் 1969இலிருந்து ஓடுகிறது. பாய் இழுக்கத் தொண்டர்களும் அதில் ஏறுகிறார்கள்.

2008இலிருந்து விலாங்குக் கணக்கெடுப்பும் நடக்கிறது. அட்லாண்டிக்கின் சர்காசோக் கடலில் பிறந்த விலாங்குக் குஞ்சுகள் ஒவ்வொரு வசந்தத்திலும் ஹட்சனின் கிளையாறுகளைத் தேடி வரும். விரல் நீளம்தான், உடம்பு கண்ணாடி மாதிரி, கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. போகிப்ஸி நகரத்துக்கு நடுவால் ஓடுகிற பால் கில் என்ற சின்ன ஆற்றிலும் வலை கட்டியிருக்கிறார்கள். நெஞ்சுவரை வருகிற றப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு, குளிர் தண்ணிக்குள் இறங்குகிறவர்களில் உயர்தரம் படிக்கிற வயதுப் பிள்ளைகளும் இருக்கினம். எண்ணி, குறித்து, குஞ்சுகளை அணைக்கு மேலே கொண்டுபோய் விடுவார்கள். அணையை அவை தனியத் தாண்ட முடியாது. அந்தக் கணக்குத்தான் அரச திணைக்களத்தின் தரவு.

2025 ஏப்ரலில் அமெரிகோப்ஸின் சுமார் 40 கோடி டொலர் மானியங்களை அமெரிக்க அரசாங்கம் ஒரே வெட்டாக வெட்டியது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் தேசியப் பூங்காச் சேவையில் ஆயிரம் பேரளவில் வேலைநீக்கம். டிவோட்டோவின் கட்டுரையைத் திரும்ப அச்சடித்தால் திகதியை மாற்றினால் போதும். சில மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தங்கள் பங்கை மீட்டன. விலாங்குக் குஞ்சுகள் அந்த வசந்தத்திலும் வந்தன.